ஒரு பாயிண்ட்

கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஏழு பேர் ஆறடிக்கு மேல். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்த நெட்டையன் சுவரோரமாக உட்கார்ந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டைக் கையில் கிரீஸ். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் அவர்களையெல்லாம் ஆட வைத்த கோச் இறந்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'பொறு சார்'. பந்து கைக்கு வந்த மறுநொடி கூடையைப் பார்த்து எறியத் துடிப்பவனிடம், கோட்டுக்கு வெளியே நின்று "பொறுடா, பொறு" என்பார். தோற்றுத் திரும்பும் பஸ்ஸில், யாரால் ஆட்டம் போனதோ அவன் பக்கத்தில் வந்து உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக நீட்டிக்கொண்டிருப்பார்.

"பொறுத்தார் பூமி ஆள்வாராம். நான் மூணு வருஷம் பொறுத்து பெஞ்சைத்தான் ஆண்டேன்" என்றான் குண்டன். சிவந்த கண்களோடு எல்லோரும் சிரித்தார்கள்.

கோச்சின் மனைவியும் சிரித்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். "பொறு பொறுன்னே வேலையையும் தொலைச்சார் மனுஷன். அந்த அரையிறுதி ஞாபகம் இருக்கா? ஒரு பாயிண்ட் பின்னாடி இருக்கோம், பன்னிரண்டு செகண்ட் பாக்கி. நாமதான் முன்னாடின்னு நினைச்சு, பந்தை விடாதேன்னு சைகை காட்டினாராம்! கணக்கு டீச்சரைக் கட்டிக்கிட்டவருக்கு ஒண்ணு கூட எண்ணத் தெரியல. கோச் வேலையைப் பிடுங்கிட்டு, லைப்ரரியில புத்தகத்துக்கு நம்பர் ஒட்ட உட்கார வச்சாங்க. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதேதான்."

நெட்டையன் சட்டைக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்தான்.

சைகையே கிடையாது. ஸ்கோர் பலகையைத் தப்பாகப் பார்த்தவன் அவன். பந்தைத் தட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடி நேரத்தைக் கடத்தினான். ஜெயித்துவிட்டதாக நினைத்துக் குதித்தான் வேறு. பிரின்சிபால் உடை மாற்றும் அறைக்கு வருவதற்குள் கோச் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். "வாயைத் திறக்காதே. நீ விளையாட்டுக் கோட்டாவில வந்தவன். தூக்கிட்டாங்கன்னா எங்கடா போவே? நான்தான் சைகை காட்டினேன்னு சொல்லிடறேன். எனக்கு ஒரு திட்டு, அவ்வளவுதான்."

படிப்பு முடியட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தான். பிறகு வேலை கிடைக்கட்டும் என்றான். இரண்டு தடவை லைப்ரரி வாசல் வரை போய், கண்ணாடி போட்டுக்கொண்டு நம்பர் ஒட்டும் சாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். பதினெட்டு வருடம் ஓடிப்போயிற்று.

"டீச்சர்" என்றான். "சார் சைகை காட்டல. எண்ணத் தெரியாதவன் நான்தான்."

"டேய், என்னடா உளர்றே?" என்றான் குண்டன்.

எல்லாவற்றையும் சொன்னான். டீச்சர் மடியிலிருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லித்தான் சிரிப்பேன். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்டா. ஆஸ்பத்திரியில, இன்னும் எத்தனை மாத்திரை பாக்கின்னு கேட்டார். 'எண்ணிக்கையெல்லாம் உங்களுக்கு எதுக்கு, உங்க லட்சணம்தான் தெரியுமே'ன்னேன். அதுக்கப்புறம் அவருக்கு நினைவு திரும்பல."

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"உன்னை மன்னிக்க என்ன இருக்கு? சின்னப் பையன், பயந்துட்டே. நான்..." முடிக்கவில்லை. "எந்திரிச்சுப் போ. அடுத்த வாரம் வா. இன்னிக்கு வேணாம்."

யாரும் அவனைத் தடுக்கவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது, டீச்சர் மற்றவர்களிடம் கேட்பது காதில் விழுந்தது.

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே? நான் என்ன, ஊரெல்லாம் போய்ச் சொல்லவா போறேன்?"