கவர்னர் டீச்சர்

ஒட்டடைக் கம்பின் நுனியில் சாக்பீஸைக் கட்டிக்கொண்டு, குனியாமல் நின்றபடியே வகுப்பறைத் தரையில் நாட்டை வரைந்துகொண்டிருப்பார் மூன்றாம் வகுப்பு டீச்சர். வாசல் பக்கம் மலை, ஜன்னல் பக்கம் கடல், நடுவில் வளைந்து நெளிந்து ஓர் ஆறு, அதன் கரையில் தலைநகரம். பிள்ளைகள் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். யாராவது குறுக்கே ஓடினால் தலையைத் தூக்காமலே அதட்டல் வரும்: "டேய், ஆத்துல இறங்காத, நனைஞ்சு போவ! பாலத்து மேல வா." பாலம் என்பது ஒரு மர ஸ்கேல்.

அதே பள்ளியின் முதலுதவி அறை என் பொறுப்பு. அதற்கு முன் வயதானவர்களைப் பராமரித்தவள் என்பதால், யார் நடந்து வந்தாலும் முகத்தைவிட முதலில் முட்டிதான் என் கண்ணில் படும். டீச்சரின் வலது முட்டி சொல்பேச்சுக் கேட்பதை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகிறது. இடைவேளையில் வந்து காலை நீட்டுவார். ஐஸ் பையை வைத்துவிட்டு, "உக்காந்து பாடம் நடத்தேம்மா" என்பேன்.

"கவர்னர் உக்காந்துட்டா அப்புறம் கிளப்புறது கஷ்டம்க்கா."

கவர்னர் இவர்தான். விடுதலைப் பாடத்தன்று, கடல் கடந்து வந்து நம்மை ஆண்ட வெள்ளைக்காரக் கவர்னராக நடிக்க எந்தப் பிள்ளையும் முன்வராது, அழுதே விடும். அதனால் காலிப் பெயின்ட் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாட்டின் நடுவில் இவரே நின்றுவிடுவார். ஆற்றைக் கடந்தால் அழிரப்பர் வரி. கவர்னரைத் தொடக்கூடாது, தள்ளக்கூடாது. ஆனால் நாட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். எப்படி என்று மட்டும் சொல்ல மாட்டார்.

இந்த ஆண்டு தலைமையாசிரியர் குறுக்கே வந்தார். "அந்த வகுப்புக்குப் பெரிய ஸ்க்ரீன் வருது டீச்சர், பாடத்த அதுவே நடத்திடும். நீங்க ஆபீஸ்ல அட்மிஷன் பாருங்க, முட்டிக்கும் நல்லது. எதுக்கும் ஒரு பாடத்தைப் பாத்துட்டு முடிவு பண்றேன்." அவர் எதிரில் சிரித்துவிட்டு வந்த டீச்சர், என் அறையில் ஐஸ் பையை மாவு மாதிரிப் பிசைந்துகொண்டிருந்தார். "ஆபீஸ்ல ஆறு எங்கக்கா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

தலைமையாசிரியர் பாடம் பார்க்க வரப்போகும் நாளில், கடலுக்கு அப்பால் ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு நானும் அங்கேயே நின்றேன்.

பிள்ளைகள் கெஞ்சிப் பார்த்தார்கள். "எங்க மாமா போலீஸு" என்று ஒருவன் மிரட்டிப் பார்த்தான். முன்பல் விழுந்த ஒரு பெண், "டீச்சர், அங்க சேர் இருக்கு, கால் வலிக்கும்ல, போய் உக்காருங்க" என்றாள்.

"லஞ்சமா குடுக்கற? போடி! எடு வரிய!"

அவள் அழிரப்பரைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு தரையில் சம்மணமிட்டாள். "தர மாட்டேன். நீங்க என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்."

"எந்திரி!"

எழவில்லை. பக்கத்திலிருந்தவனும் உட்கார்ந்தான். பிறகு மொத்த வகுப்பும். டப்பாவுக்குக் கீழே டீச்சரின் முகம் மலர்ந்துபோனது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் உள்ளே வந்தார். ஒரு பிள்ளையும் எழவில்லை.

"என்ன டீச்சர் இது? பெரியவங்க வந்தா எந்திரிக்கணும்னுகூடச் சொல்லித் தரலையா?"

ஒருவன் பாதி எழுந்தான். பல்லில்லாதவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடா, கவர்னர் இன்னும் போகல."

டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். அவர் வேலையும் தப்பும். பாடம்தான் அதோடு போயிற்று. சொல்லிவிடு என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் டப்பாவைக் கழற்றித் தலைநகரத்தின்மேல் வைத்தார். ஒட்டடைக் கம்பை ஊன்றி, பாலத்தில் பார்த்துக் கால் வைத்து, கோட்டைத் தாண்டிக் கடலுக்கு அப்பால் போய் நின்றார். நாற்காலியில் உட்காரவில்லை.

"இனிமே நாடு உங்களோடது. எந்திரிக்கறதும் உக்கார்றதும் உங்க இஷ்டம்."

யாரும் அசையவில்லை. தலைமையாசிரியரின் காது சிவந்தது.

பல்லில்லாதவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "வணக்கம் சார்." அவள் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வகுப்பே வணக்கம் சொல்லி முடித்ததும் அவளே சொன்னாள்: "சார், நீங்க மலைமேல நிக்கறீங்க."

அவர் தன் ஷூவைக் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பக்கம் வாங்க சார், சேர் இருக்கு" என்றார் டீச்சர், கடலுக்கு அப்பாலிருந்து.

மலையிலிருந்து இறங்கி விறுவிறுவென்று நடந்த மனிதர் ஆற்றங்கரையில் நின்றார். வகுப்பு முழுக்க அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்கேலின்மேல் பக்கவாட்டில் கால் வைத்தார்.