முன்சக்கரத்தை ஈடு வைத்தவள்

ஓடிப்போனாள் என்று சொல்கிறார்களே, அவர்கள் யாரும் ஓட்டத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. காலை பத்து மணிக்கு, வாசல் வழியாக, தெருவே பார்க்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவளுக்குப் பெயர் ஓடிப்போனவளா? எதிர்வீட்டுத் தையல்காரி வருகிறவர்களுக்கெல்லாம் அளவு எடுக்கும்போதே இதையும் சேர்த்துத்தான் சொல்லி அனுப்புகிறாள். சர்ச் விவகாரத்தில் மாட்டிக்கொள்வோம் என்று பல்லுக்காரி கிளம்பிவிட்டாளாம். மாட்டிக்கொள்ள அவள் என்ன செய்தாள் என்று நேரிலேயே போய்க் கேட்டேன். குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு துணியைப் பார்த்துக் குனிந்துவிட்டாள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடுகிறது. அதனால் தாளில் இருக்கட்டும்.

பல்லுக்காரி என் மருமகள். என் மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு மத்தியானம் சாய்ந்தவன் எழவில்லை. நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் அப்போதுதான் ஞாபகம் வந்தது போலப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை எடுத்துப் பல் செட் செய்கிறார்கள். ஜன்னலோரத்து மேசை அவளுடையது. டாக்டர்கள் ஒரு மாவைக் குழைத்து வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் அதில் வெள்ளைச் சாந்தை ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள். நான் போட்டிருப்பதும் அவள் செய்ததுதான். டிவியில் யார் பேசினாலும் பேச்சைக் கேட்க மாட்டாள். அவருக்குக் கீழ்வரிசை நெருக்கம், இவருடைய முன்பல் இரண்டும் பொய் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சைக்கிள் வாங்கினாள். மாட்டுக் கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார், தடித்த முரட்டு டயர். தார் ரோட்டுக்கு அது இல்லையாம். ஊருக்கு வெளியே தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்ட பழைய ரயில் பாதை சரளைக்கல்லாக நீண்டு கிடக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை. அங்கேதான் ஞாயிறு தவறாமல் போவாள். கிளம்புமுன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவாள். காற்று அடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இறக்கிவிட்டுப் போகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். கெட்டி டயர் சரளையில் துள்ளும், இளகிய டயர்தான் கல்லைப் பிடிக்கும் என்றாள்.

அந்தப் பாதையோரம் ஐந்து பழைய தேவாலயங்கள் இருக்கின்றன. முந்நூறு வருடத்துக் கற்கட்டிடங்கள். மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை நடக்கும், மற்ற நாளெல்லாம் பூட்டு. சாவி பக்கத்திலுள்ள ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். சைக்கிளில் வருகிறவர்கள் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் முன்சக்கரத்தைக் கழற்றி அந்த வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் சாவியை வாங்க வேண்டும். சாவி திரும்பினால் சக்கரமும் திரும்பும். கையெழுத்து, நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. என்னைப் போல எழுதப் படிக்கத் தெரியாத யாரோ ஆரம்பித்த வழக்கமாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காதது ஒன்றும் இருந்தது. மூன்று மணி நேரத்தில் வர வேண்டியவள் ஐந்து மணி நேரம் கழித்து வருவாள். முழங்காலில் வெள்ளை, சட்டைக் கையில் வெள்ளை, முகத்தில் யாருக்கும் சொல்லாத ஒரு சிரிப்பு. எவனோ இருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து மோந்துகூடப் பார்த்தேன். புழுதியும் வியர்வையும்தான். இதை எழுதுகிற என் மகள் வயிற்றுப் பேத்தி, அதை விட்டுவிடலாம் பாட்டி என்கிறாள். விடக் கூடாது. எழுது.

ஒரு வியாழக்கிழமை பால்காரர் சேதி கொண்டுவந்தார். மூன்றாவது தேவாலயத்தில் வெள்ளி விளக்கைக் காணவில்லையாம். பூட்டு உடையவில்லை, வடக்கு வாசல் சும்மா திறந்து கிடந்ததாம். சாவி வாங்கிப் போகிற சைக்கிள் கூட்டத்தின் வேலையாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்களாம். மருமகளின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. பூட்டு இல்லாத பெட்டி. அதுவரை நான் தொட்டதில்லை. அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் திறந்தேன்.

பஞ்சுக்குள் வரிசையாக உள்ளங்கை அகலத்தில் வெள்ளைச் சாந்துக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் மேடும் குழியும். எப்படித் திருப்பினாலும் ஒன்றும் விளங்கவில்லை. பின்பக்கம் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். அவள் வரும்வரை பொறுத்திருந்து அவளையே கேட்டிருக்கலாம். நான் இரண்டு கட்டிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"என்ன பெரியம்மா, பல்லு கழண்டுடுச்சா?" என்றாள் தையல்காரி.

"வாய மூடிட்டு இதைப் படி."

படித்தாள். மூன்றாவது தேவாலயத்தின் பெயர். வடக்கு வாசல், இடப்பக்கம். இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைத் தேதி. பிறகு திருப்பி அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது பூட்டு ஓட்டைல எடுத்த அச்சு மாதிரில்ல இருக்கு, பெரியம்மா."

உளறாதே என்று அதட்டிவிட்டு, கட்டிகளைக் கொண்டுவந்து பஞ்சுக்குள் வைத்துப் பெட்டியை மூடினேன். அதட்டினேனே தவிர நான் நம்பாமல் இல்லை. அன்று சாயங்காலம் மருமகள் வேலையிலிருந்து வந்து கை கழுவியபோது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேவாலயத்துப் பாடகர் குழுவுக்கு அங்கி தைப்பது அந்தத் தையல்காரிதான். பிறகு சொல்ல வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மருமகள் நடந்து வந்தாள். சைக்கிளின் முன்கவட்டையைத் தோளில் தாங்கி, பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு பதினொரு கிலோமீட்டர். சாவிக்காரர் வழக்கம் போலச் சக்கரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாராம். சாவிக்குப் பதில் தேவாலயக் கமிட்டித் தலைவரோடு வெளியே வந்தாராம். பையைத் திறக்கச் சொல்லி, அச்சு மாவையும் ரப்பர் கிண்ணத்தையும் வெளியே எடுத்து வைத்தார்களாம். விசாரணை முடியும்வரை சக்கரம் இங்கேதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தண்ணீர் குடித்துவிட்டு, நான் கேட்காமலேயே பெட்டியை எடுத்து வந்து கட்டிகளைத் தரையில் பரப்பினாள். அந்தத் தேவாலயங்களுக்குள்ளே வாசலோரத் தூண்களில் கல்முகங்கள் இருக்கின்றனவாம், வாயைத் திறந்தபடி.

"அந்தக் கொத்தன் ஒவ்வொரு வாயையும் வேற வேற ஆளைப் பாத்து செதுக்கியிருக்கான் அத்தை. இவனுக்கு முன்பல்லு தேஞ்சிருக்கு பாருங்க. இந்த அம்மாவுக்குக் கடவாய்ப்பல்லே இல்ல, கன்னம் உள்ள போயிடுச்சு. கல்லு வருஷா வருஷம் உதிருது. அதான் எடுத்து வச்சேன்."

அந்த மாவு சீக்கிரம் சுருங்கிவிடுமாம். அங்கேயே சாந்து ஊற்றி, இறுகும்வரை தூணடியில் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பாளாம். அந்த வெள்ளையும் அந்த இரண்டு மணி நேரமும் அதுதான்.

"இதை ஏன் எங்கிட்ட மறைச்சே?" என்றேன்.

"மறைக்கல. நீங்க கேக்கல."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். யாரோ.

திங்கட்கிழமை அவள் முதலாளிக்குக் கமிட்டியிலிருந்து போன் வந்தது. அவர் அலமாரியைத் திறந்து மாவு டப்பாக்களை எண்ணினார். பதினாறு வருடம் வேலை பார்த்தவளை, விஷயம் தெளியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். டப்பா ஒன்றுகூடக் குறையவில்லை, அவள் மாவைத் தன் காசில் வாங்கியிருந்தாள். இருந்தாலும் இருக்கச் சொன்னார். தெருவில் அவள் தலை தெரிந்தால் பேச்சு நிற்கும். செவ்வாய்க்கிழமை என் கீழ்ப்பல் ஈற்றில் குத்தியது. ஒரு வார்த்தை பேசாமல் கழற்றி வாங்கி, சிறு அரத்தால் ராவி, கழுவிக் கொடுத்தாள். குத்தவில்லை.

புதன்கிழமை சாவிக்காரரே பஸ்ஸில் வந்தார், மடியில் சக்கரத்தை வைத்துக்கொண்டு. விளக்கு கிடைத்துவிட்டதாம். கமிட்டித் தலைவரின் மனைவிதான் மெருகு போட வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைத்திருக்கிறார். மறுநாளே மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போனதில் யாரிடமும் சொல்லவில்லை. வடக்கு வாசல் தாழ்ப்பாள் சரியாக விழாததும் அந்த அம்மாள் அவசரத்தில் கதவை வெறுமனே இழுத்துவிட்டுப் போனதால்தான்.

"கமிட்டில யாரும் மன்னிப்புக் கேக்க மாட்டாங்கம்மா. நான் கேக்கறேன். சக்கரத்தை வாங்கிட்டு சாவி கொடுக்காம இருந்தது இத்தனை வருஷத்துல இதான் முதல் தடவை."

அவள் அவருக்குக் காப்பி கொடுத்தாள். சக்கரத்தை மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தாள். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தை, பெட்டியத் தெறந்தது நீங்க."

நான் அவர் குடித்த காப்பித் தம்ளரை எடுக்கக் குனிந்தேன்.

"ரெண்டு கட்டியில எழுத்து தலைகீழா இருந்துச்சு. படிக்கத் தெரிஞ்சவங்க அப்படி வைக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன்."

"பின்ன ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இந்த வயதில் நான் வாங்காத பேச்சு இல்லை. மாமியாரிடம் வாங்கியிருக்கிறேன், கட்டியவனிடம் வாங்கியிருக்கிறேன். அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை. முதலாளி திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். வேறு ஊரில் ஒரு பல் பட்டறைக்காரர் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அங்கே போகிறேன் என்றாள். தெருப் பேச்சுக்குப் பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றேன்.

"தெருவுக்காகப் போகல அத்தை. இனிமே வெளிய போறப்பெல்லாம் அந்தப் பெட்டியப் பூட்டலாமா வேணாமான்னு யோசிக்கணும். சொந்த வீட்டுல அப்படி இருக்க முடியாது."

சனிக்கிழமை காலை என் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து, காலைக்கு வெள்ளைக் கிண்ணம், ராத்திரிக்குக் கறுப்புக் கிண்ணம் என்று காட்டினாள். பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டினாள். துணிமணி ஒரே பை. போகாதே என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று தெரிந்தும் இரண்டு முறை சொன்னேன். என் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு வாசலில் இறங்கினாள். பாரம் இருந்ததால் ஏறவில்லை, தள்ளிக்கொண்டுதான் நடந்தாள்.

எதிர்வீட்டு ஜன்னலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் செருப்புப் போடாமல் தெருவில் இறங்கினேன்.

"பெட்டியத் தெறந்தது நான். உங்கிட்ட கொண்டுவந்து காட்டினதும் நான். இவ எந்தச் சாவிக்கும் அச்சு எடுக்கல. கேட்டுக்கோ" என்று அந்த ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். நான்கு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். மெஷின் நின்றது.

மருமகள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள போங்க அத்தை. கால் சுடும்" என்றாள். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் திரும்பிப் போனாள்.