தனியாக இருக்கக் கற்றுக்கொடுத்தவள்

ரமணிக்கு ஐம்பத்தொரு வயது. டத்தோ கிராமாட் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் ஒண்டிக்கட்டை. வந்த வரன்கள் தட்டிப்போனபோதெல்லாம் அழுதவள்தான். நாற்பதைத் தாண்டியதும் அழுகை போய் ஒரு திமிர் வந்தது. பரிதாபப்பட வந்த உறவுக்காரர்கள் மூக்குடைபட்டுத் திரும்பினார்கள்.

கீழ்வீட்டுச் சுகுமாரன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். மனைவி இறந்துபோனதும் மனிதர் இடிந்துபோனார். ஓர் ஆளுக்குச் சமைக்கத் தெரியாமல் பானை நிறையச் சோறாக்கிவிட்டு, அதன் எதிரில் உட்கார்ந்து அழுவார். ரமணிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அரை கப் அரிசி போதும்லா. யாரையும் எதிர்பாக்காம இருந்து பாருங்க, அதான் நிம்மதி."

பாடம் அன்று தொடங்கியது. தனியாகப் பசாருக்குப் போய்க் காய்கறி வாங்குவது, பண்டிகை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷமாக இருப்பது, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடையொன்றில் அவரைத் தனி மேசையில் உட்காரவைத்துவிட்டு, தான் தள்ளி இன்னொரு மேசையில் காவல் இருந்தாள். அங்கேதான் வந்தது வினை. ஒவ்வொரு கவளத்துக்கும் 'சரியா?' என்று அவர் புருவத்தை உயர்த்திக் கேட்பதைப் பார்த்துப் பார்த்தே மகராசி மனசைப் பறிகொடுத்தாள்.

ஒருநாள் அதே கடையில் அவரே பக்கத்து நாற்காலியை இழுத்தார். "இங்கயே உக்காருங்களேன், ரமணி."

உட்கார ஆசைதான். ஆனாலும், "பாடம்னா பாடம்தான்" என்று விறைத்துக்கொண்டாள். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. அவளோ 'அண்ணே' என்று கூப்பிடுவதை நிறுத்திப் பார்த்தாள். அவர் கவனிக்கவே இல்லை. கடைசியில், போன தீபாவளியன்று வெட்கத்தை விட்டு அவர் வாசலில் போய் நின்று கேட்டேவிட்டாள்.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா என்ன?"

சுகுமாரன் சிரிக்கவில்லை.

"அன்னைக்குக் கடையில நான் கேக்க வந்ததும் இதுதான், ரமணி. அப்ப தைரியம் வரல. இப்ப தனியா இருந்து பழகிட்டேன். நல்லாவும் இருக்கு. என்னை மனுசனாக்குனது நீங்கதான். சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். அவளால் கோபப்படக்கூட முடியவில்லை. "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். தன் வாய்தானே தன் வாழ்க்கையைக் கெடுத்தது என்று தன்னையே நொந்துகொண்டாள். அவர் மனசுக்குள் ஆசையை வைத்துக்கொண்டு மறுத்திருந்தால்கூடக் காத்திருக்கலாம். கீழே ரேடியோவோடு சேர்ந்து அவர் பாடிக்கொண்டிருந்தார்.