என் நாத்தனாருக்கு மட்டும் எரிந்த விளக்கு

என் வீட்டுக்காரரை எல்லோரும் ஃப்யூஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சட்டென்று சூடாகி, அத்தோடு பேச்சையும் நிறுத்திவிடுகிற குணத்துக்காக வைத்த பெயர் என்பதைக் கடைசிவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு எதற்கு வம்பு?

ஷெட் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வயர்களைப் பற்றவைக்கிற ஈயத்தின் வாசனை உள்ளே வரும். அதற்காக அவரோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! இப்போது எங்காவது தெருவில் அந்த வாசனை வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. நல்ல உயரம் அவர். நிலைப்படியில் குனிந்துதான் வருவார். கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லைட்டைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டே சாப்பிட உட்காருவார். "அதைக் கழட்டி வச்சுட்டு உக்காருங்களேன்" என்று கரடியாய்க் கத்துவேன். காதிலேயே விழாது.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. என் தோளுக்குத்தான் வருவாள், ஆனால் பிடிவாதத்தில் அண்ணனுக்கு இளைத்தவள் இல்லை. டிரைவர் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, ஒரு வாடகைக் கார் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே அவள் ஒருத்திதான் பெண். அவளுக்காக முதலாளியிடம் போய்ப் பேசியவரே அண்ணன்தான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவள் ஓட்டுகிற காரில், ஸ்டியரிங்குக்கு எதிரே இருக்கிற பிரேக் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிய ஆரம்பித்தது. அதைப் பார்த்து மிரண்டுபோன பயணி ஒருவர் பாதி வழியில் இறங்கி, முதலாளிக்குப் போன் போட்டு வெளுத்து வாங்கிவிட்டார். கார் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. பிரேக் ஆயில் சரியாக இருந்தது. பக்கத்துக் கடை மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி பிரேக் கட்டைகளைப் பார்த்தார். அதிலும் தேய்மானம் இல்லை. என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விளக்கு எரியவே இல்லை.

"வண்டியில ஒண்ணுமில்ல. ஹேண்ட் பிரேக்கை முழுசா இறக்காம ஓட்டியிருப்பே."

"முழுசாத்தான் அண்ணா இறக்கினேன்."

"இறக்கியிருந்தா அது ஏன் எரியுது?"

மறுநாளும் எரிந்தது. மறுபடியும் கொண்டுவந்தாள், மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார், எரியவில்லை. கம்பெனியில் மற்ற டிரைவர்கள் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அவர்களுக்கும் எரியவில்லை. இவள் ஓட்டினால் மட்டும் எரிந்தது. "உங்களைப் பார்த்தா வண்டிக்கே பயம் போல" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். இன்னொரு தடவை புகார் வந்தால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்றைக்கு என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "ஊர்ல உள்ளவங்க சிரிச்சுட்டுப் போகட்டும் அண்ணி. அண்ணனே என்னை நம்பலையே."

சாப்பாடு போடும்போது அவரிடம் கேட்டே விட்டேன். "உங்க தங்கச்சிக்கு ஹேண்ட் பிரேக் எதுன்னு தெரியாதா?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஃப்யூஸ் போய்விட்டது.

அடுத்த தடவை விளக்கு எரிந்தபோது காரில் பயணி யாரும் இல்லை. நேராக ஷெட்டுக்கே ஓட்டி வந்து, எஞ்சினை நிறுத்தாமல் ஹாரனை அழுத்தினாள்.

"இறங்கு, நான் பார்க்கிறேன்" என்றார் இவர்.

"இறங்க மாட்டேன். நீ பக்கத்துச் சீட்ல வந்து உக்காரு."

கரண்டியும் கையுமாக நான் ஜன்னலில் நின்றேன். இவர் முனகிக்கொண்டே பக்கத்துச் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்தார். கண்ணெதிரே விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை ஏற்றினார், இறக்கினார். அது இறங்கியதும் விளக்கை அணைக்கிற சுவிட்சிலிருந்து வயரையே பிடுங்கினார். அப்போதும் எரிந்தது. சுவிட்சே இல்லாமல் எரிகிறதென்றால், வயர் நடுவில் எங்கேயோ இரும்பில் படுகிறது என்று அர்த்தமாம். அவர் முகமே மாறிவிட்டது.

"அப்படியே இரு, அசையாதே" என்று இறங்கி வந்து, அவள் காலடியில் தலையை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். சீட் நகர்கிற தண்டவாளத்தின் ஓரம் பட்டுப் பட்டு, ஹேண்ட் பிரேக் வயரின் தோல் உரிந்திருந்தது.

"சீட்டைப் பின்னால தள்ளு." விளக்கு அணைந்தது.

"முன்னால இழு." எரிந்தது.

அவள் உயரத்துக்கு சீட்டை முன்னால் இழுத்தால்தான் பெடல் எட்டும். இழுத்ததும் உரிந்த கம்பி இரும்பைத் தொடும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது என்று நினைத்து விளக்கு எரியும். பார்க்க வந்த ஆண்பிள்ளைகளோ, இவர் உட்பட, ஏறியதும் சாவியைத் தொடுவதற்கு முன்னால் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். முட்டி இடிக்குமே! வண்டியின் நோயைத் தங்கள் கையாலேயே தள்ளி மறைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறார்கள்.

இவர் தரையில் உட்கார்ந்தபடியே தங்கையைப் பார்த்தார். வயரை வெட்டி, பற்றவைத்து, தண்டவாளத்தில் படாமல் தள்ளிக் கட்டினார். கையைக் கழுவி, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, கம்பெனிக்குப் போகலாம்" என்றார். நான் விடுவேனா? பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

முதலாளி மேஜையைச் சுற்றி டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அவள் சாவியை மேஜைமேல் வைத்தாள். "என்ன ஃப்யூஸ், யார்மேல தப்பு?" என்றார் முதலாளி.

தெரு மாறிப் போனால்கூடத் தெருவைத்தான் திட்டுவாரே தவிர, தன்மேல் தப்பு என்று என் வீட்டுக்காரர் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஓட்டின பொண்ணு மேல இல்ல. பார்த்த ஆள் மேல. அது நான்தான். என் தங்கச்சி சொன்னதை நம்பியிருந்தா மொத நாளே கண்டுபிடிச்சிருப்பேன்."

டிரைவர்கள் முகத்தில் அசடு வழிந்தது. முதலாளி சாவியை எடுத்து இவரிடம் நீட்டினார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வண்டி அவளோடது. அவகிட்ட குடுங்க."

உடனே அவளுக்கு ஒரு சவாரி வந்தது. அத்தனை பேர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். நாங்கள் நடந்து வந்தோம். இவர் பேசாமலே வந்தார். வழக்கம்போலக் கோபம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் அப்படிச் செய்ததே இல்லை. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவரோடு போட்ட சண்டைகளை இப்போதும் வரிசையாகச் சொல்வேன். அன்றைக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.