நாலு குடம் தண்ணீரும் நாற்பது நத்தைகளும்

மீன் வளர்ப்பது என்று சொல்கிறார்களே, அது சும்மா. நாம் வளர்ப்பதெல்லாம் தண்ணீரைத்தான், மீன் அதில் குடியிருந்துகொண்டு நம்மை வேடிக்கை பார்க்கும்.

காலையில் பல் துலக்கும் முன்பே தொட்டியருகே ஓடி, "எல்லாரும் உசுரோட இருக்கீங்களா?" என்று தலை எண்ணும் சக அவஸ்தைக்காரர்களே, வணக்கம். நான் திருச்செங்கோட்டில் பிளஸ் ஒன் படிக்கிற பெண். எனக்குத் தெரிந்த ஒரே கைத்தொழில் அடுத்தவர் குரலில் பேசுவது. பஸ் கண்டக்டர், கெமிஸ்ட்ரி சார், குக்கர் விசில் எல்லாம் வரும். என் விசிலை நம்பி அம்மா அடுப்பை அணைத்துவிட, அரை வேக்காட்டுச் சோறு தின்ற நாட்களும் உண்டு.

அப்பா ரிக் லாரியில் டிரில்லர்; குழாய் வழியே காற்றை அடித்து இறக்கிப் பூமியைத் துளைக்கிற வேலை. மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போடுகிறார். அங்கே மழை பிடித்தால்தான் வண்டி ஊர் திரும்பும். அவர் இல்லாத நேரம் பார்த்து நான் தொட்டி வாங்கினேன். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஆயிரம் அடி எறக்கியும் வெறும் புழுதி வந்துச்சுன்னா, உங்கப்பாவுக்கு மூணு நாளைக்குச் சோறு எறங்காது. அந்த மனுசன் ஊட்டுக்குள்ள நாலு குடம் தண்ணிய மீனுக்கு ஊத்தி வெச்சிருக்கறதப் பாத்தா என்ன சொல்லுவாரோ! வந்து வேண்டாம்னா, மறுபேச்சுப் பேசாம கடைக்கே திருப்பிக் குடுத்துரோணும்."

ஆக, என் மீன்களின் தலையெழுத்து எங்கேயோ பெய்யப்போகிற மழையின் கையில் இருந்தது.

கடைக்காரரின் உத்தரவாதம்

மீன் கடைக்கார அண்ணன் ரகசியம் பேசுகிற குரலில்தான் பேசுவார். கடையில் பாதி மீன் தூங்குகிறதோ என்று நமக்கே கால் கூசும். ஆறு கப்பி மீன், ஒரு ஆப்பிள் நத்தை, ஒரு கொத்துச் செடி வாங்கினேன். பையைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு திறக்க வேண்டும் என்று அதே ரகசியக் குரலில் சொல்லிக்கொடுத்தார். நானும் அதே குரலில், "அண்ணா, இதுக செத்துப்போயிராதுங்களா?" என்றேன்.

தன் குரலைத்தான் கேலி செய்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீனு தானாச் சாவாது பாப்பா. வாங்கிட்டுப் போறவீங்கதான் பாசத்துல தீனி போட்டுப் போட்டே கொன்னுபோடுவீங்க."

அழையா விருந்தாளிகள்

செடியோடு ஒரு குட்டி நத்தையும் இலவசமாக வந்திருந்தது. மிளகு அளவுதான். ஆசையாகப் பேர் வைத்தேன். பத்து நாளில் நாலு. மூன்றாவது வாரம் கண்ணாடியெல்லாம் மிளகு தூவிய பொங்கல் மாதிரி ஆனது. நாற்பது வரை எண்ணினேன். அதற்குமேல் அதுகள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நத்தையை ஓடவிட்டு எண்ண முடியாமல் தோற்ற ஒரே ஆள் நான்தான்.

தீனி மிஞ்சினால்தான் இப்படிப் பெருகும் என்றார் கடைக்காரர். நானோ கிள்ளிக் கிள்ளித்தான் போடுகிறேன். வேறு கை ஏதோ போடுகிறது. ஒரு சாயந்திரம் கதவுக்கு வெளியே நின்று, தொண்டையில் கொஞ்சம் ஜல்லி போட்டுக்கொண்டு அப்பா குரலில், "ஏம்புள்ள, சோறாச்சா?" என்றேன். உள்ளே டம்ளர் உருண்டது. எட்டிப் பார்த்தால், 'அந்தக் கருமத்தை நான் கண்ணெடுத்தும் பாக்க மாட்டேன்' என்று சொன்ன அம்மா, தொட்டி முன்னால் இட்லியும் கையுமாக நிற்கிறார். துரத்தி வந்து முதுகில் ஒன்று வைத்துவிட்டுச் சொன்னார்: "கிட்டப் போனாலே வாயத் தொறந்து தொறந்து காட்டுது. போடாம வர்றதுக்கு நான் என்ன கல்லா?"

மோந்து பார்க்கும் வைபவம்

ஆப்பிள் நத்தை இரண்டு நாளாக அசையவில்லை. ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் கிடந்தது. நத்தைக்கு நாடி பார்க்க முடியாது. எடுத்து மோந்துதான் பார்க்க வேண்டும். செத்திருந்தால் தெரு முழுக்கத் தெரியும். எனக்கு அன்று சளி. பக்கத்து வீட்டில் தறி ஓட்டுகிற சரசக்காவை அழைத்தேன். அக்கா சுண்டல் வாங்கினாலும் மோந்து பார்க்காமல் வாயில் போடாதவர்.

அக்கா நத்தையை உள்ளங்கையில் வாங்கி, கண்ணை மூடி, மூக்கருகே கொண்டுபோனார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, மூக்கடைத்த சின்னக் குரலில், "அக்கா, காலைல பல்லு வெளக்குனீங்களா?" என்றேன்.

"ஐயோ!" என்று அக்கா கையை உதற, நத்தை நேராகத் தொட்டிக்குள் விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் மெல்லக் கதவைத் திறந்து, கொம்பு நீட்டி, நடக்கவும் ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரசக்கா மூச்சு வாங்கியபடி அதையே முறைத்தார்: "செத்திருந்தாலே தேவல சாமி, இப்படி மானத்த வாங்காது."

அப்பா வந்தார்

வடக்கே மழை பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா பையோடு வந்து நின்றார். செருப்பைக் கழற்றும்போதே தொட்டியைப் பார்த்துவிட்டார். அப்போது கப்பிகள் குட்டி போட்டு முப்பதுக்குமேல் இருந்தன. அம்மா என்னைப் பார்க்க, நான் கூரையைப் பார்த்தேன். வாயில் ஒரு குரலும் வரவில்லை, என் குரல்கூட.

"எத்தன குடம் புடிக்கும்?" என்றார் அப்பா. "நாலுங்க," என்றார் அம்மா. மாற்றுகிற பழைய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊற்றுகிறேன், ஒரு சொட்டும் வீணில்லை என்று நான் மென்று முழுங்கிச் சொன்னேன். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். போகிற போக்கில் சொன்னார்: "நாளைக்குப் பேசிக்கலாம்."

கரண்டு போன சனிக்கிழமை

மறுநாள் பராமரிப்புக்காக ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். சாயந்திரம்தான் வரும். தொட்டிக்குக் காற்று விடும் மோட்டார் நின்றால் அத்தனை மீனுக்கு அந்தத் தொட்டியில் மூச்சுக் காணாது. எனக்கோ ஸ்பெஷல் கிளாஸ். "மக்குல தண்ணிய மொண்டு மொண்டு, ஒசக்க இருந்து ஊத்துங்கம்மா," என்று கெஞ்சிவிட்டுப் போனேன். வகுப்பில் கெமிஸ்ட்ரி சார் ஆக்சிஜன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கியது.

மத்தியானம் ஓடி வந்தேன். ஹால் நடுவில் ஒரு லாரி டியூப் கும்மென்று உட்கார்ந்திருந்தது. பஞ்சர் கடையில் காற்றடித்து, உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார் அப்பா. டியூப் வாயில் மெடிக்கலில் வாங்கிய குளுக்கோஸ் ஏற்றும் குழாய்; அதன் மறுமுனை தொட்டிக்குள். பக்கத்தில் நாற்காலி போட்டு, குழாயின் உருளையைக் கட்டைவிரலால் நகர்த்தி நகர்த்தி, காற்றைக் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டிருந்தார். காலையில் மேலே வந்து வாயைப் பிளந்த கப்பிகள் இப்போது கீழே ஓடிப்பிடித்து விளையாடின. ஒரு நத்தை குழாய்மேல் ஏறி, குமிழி வருகிற வழியைச் சோதித்துக்கொண்டிருந்தது.

"அப்பா!" என்றேன்.

"ஆயிரம் அடிக்குக் காத்து எறக்கறவன், ஒரு அடிக்கு எறக்க மாட்டனா?" என்றார், திரும்பாமலே.

நாலு மணிக்கு மோட்டார் உறுமியது. அம்மா சமையலறையிலிருந்து, "ஏனுங்க, கரண்டு வந்துருச்சு, எந்திரிச்சு வாங்க. தொட்டியக் குடுக்கறதா வெச்சுக்கறதானு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க," என்றார். அப்பா தொட்டியைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அட, இரு புள்ள. டியூப்புல இன்னும் காத்து இருக்குதுல்ல!"

எனவே சக அவஸ்தைக்காரர்களே, தொட்டியில் மீனுக்கு இடம் வாங்கிவிடலாம், அதன் முன்னால் நமக்கொரு நாற்காலி கிடைப்பதுதான் கஷ்டம்.