கறுப்பு எண்ணெய் போன வழி

என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்ப்பதற்காக ஒரு நர்ஸ் எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்தார். மனைவிக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. இனி வீட்டிலும் மூக்கில் குழாயோடுதான் இருக்க வேண்டும். ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓட வேண்டும். அதற்கு வீடு தோதாக இருக்கிறதா என்பதுதான் சோதனை. நான் கூட்டிப் பெருக்கி, தலையணை உறை மாற்றி, கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்திருந்தேன். நகர்த்தியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது வேறு கதை.

நர்ஸ் நம் தமிழ்ப் பெண்தான். அறை அறையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் பாம் ஷெல்ட்டரைத் திறந்தார். யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்வதற்கென்று கட்டிக்கொடுத்த இரும்புக் கதவு அறை அது. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் யாரும் அதில் ஒளிந்ததில்லை. வேண்டாத சாமான்கள்தான் ஒளிந்திருக்கும்.

"அங்கிள், இந்த டின்னெல்லாம் என்ன? குக்கிங் ஆயிலா?"

"இல்லம்மா. மோட்டார் சைக்கிள்ல மாத்தின பழைய எஞ்சின் எண்ணெய்."

"இவ்வளவா? வீட்டுக்குள்ள ஏன் வெச்சிருக்கீங்க?"

நல்ல கேள்வி. எண்ணெய் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. வண்டிக்கு அடியில் திருகைக் கழற்றி, தட்டை வைத்து, வடிகிற வரை சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் கடையில் கொடுக்காமல் நானே மாற்றிவிடுவேன். புது எண்ணெயை எங்கே வாங்குவது என்று ஊருக்கே தெரியும். பழையதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை. சாக்கடையில் ஊற்ற மனசு வராது. மாடியிலிருந்து குப்பை தள்ளுகிற குழாயில் போட்டால் கீழே கூட்டுகிறவர் பாவம். அடுத்த மாதம் ஏதாவது ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடலாம் என்று மூடி போட்டு உள்ளே தள்ளுவேன். அந்த அடுத்த மாதம் வந்ததே இல்லை.

"ஆக்சிஜன் ஓடற வீட்டுல இது இருக்கவே கூடாது அங்கிள். எல்லாத்தையும் க்ளியர் பண்ணிடுங்க. நெக்ஸ்ட் வீக் திரும்ப வந்து பாத்துட்டு ஓகே சொன்னாதான் ஆன்ட்டிய அனுப்புவாங்க."

வார்டில் என் மனைவி போகிற வருகிறவர்களிடமெல்லாம் எப்போது வீட்டுக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே கஞ்சியில் உப்பில்லை, பக்கத்துக் கட்டில்காரர் தூங்க விடுவதில்லை, குளிர் வேறு. அவளிடம் போய், உன் புருஷன் சேர்த்துவைத்த எண்ணெயால் இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவில்லை.

நான் தேக்காவில் ஒரு காய்கறிக் கடையில் வேலை பார்க்கிறேன். விடிவதற்குள் கடைக்குப் போய்விட்டு, மத்தியானம் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிள் பெட்டியில் இரண்டு டின்னை வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் ஒர்க்ஷாப்பில், "இங்க மாத்தினாதான் இங்க போடலாம்லா," என்றார்கள். அடுத்ததில் முதலாளி போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை ஆட்டினார். பழைய எண்ணெய் அள்ளுகிற கம்பெனிக்குப் போன் பண்ணினால் வீட்டுக்கெல்லாம் வர மாட்டோம் என்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே டின்களைத் திரும்ப வீட்டுக்கு ஏற்றிக் கொண்டுவந்த அன்று எனக்கு அழுகை வந்தது. வயசான காலத்தில் ஒருவன் எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு அழுதான் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மறுநாள் தேக்காவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் தமிழ்நாட்டு மெக்கானிக் ஒருவர் இரக்கப்பட்டார். "குடுங்கண்ணே, எங்க டிரம்ல ஊத்திக்கலாம்," என்று டின்னை வாங்கி, முதலில் ஒரு சட்டியின் மேல் வடிகட்டியை வைத்துச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு வடிகட்டியை என் முன்னால் நீட்டினார். அதில் பஞ்சுத் திரிகள் கிடந்தன. நுனி கருகிய விளக்குத் திரிகள், கொத்தாக.

"என்னண்ணே இது, சாமி விளக்குல இருந்ததா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு டின்னிலும் அதே கதை.

"வேற எண்ணெய் கலந்திருந்தா அள்ள வர்றவங்க மொத்த டிரம்மையும் விட்டுட்டுப் போயிடுவாங்கண்ணே. மொதலாளி என்னைத் தொலைச்சிருவாரு. கோவிச்சுக்காதீங்க."

அன்று சாயங்காலம் வார்டில் மனைவியிடம் திரியைப் பற்றிக் கேட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமா, நான்தான் ஊத்துவேன். வெளக்குல மிஞ்சின எண்ணெய வேற எங்க ஊத்தறது? பாத்திரம் கழுவற சிங்க்லயா? எச்சில் தண்ணி போற எடத்துல ஊத்துவாங்களா யாராவது?" மூச்சு வாங்கியது. நிறுத்தி, இழுத்துவிட்டு, மறுபடி தொடங்கினாள். "நீங்க பாட்டுக்கு அழுக்கெண்ணெய வீட்டுக்குள்ள கொண்டாந்து அடுக்குவீங்க, நான் ஒரு வாய் எண்ணெய ஊத்தினா தப்பாயிடுச்சா? எண்ணெயோட எண்ணெய்தானே?"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கோ குளுகுளுவென்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கேட்ட குரல். இட்லிக்கு அரிசி ஊறவைப்பதிலிருந்து மகள் கல்யாணம் வரை எதிலும் என் பேச்சு எடுபட்டதில்லை. இவள் இப்படித் திட்டுகிறவரை பயமில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கடைசியில் வழிசொன்னது பழைய சிநேகிதர் ஒருவர். செம்பவாங் பக்கம் படகு ரிப்பேர் பட்டறையில் இருக்கிறார். படகிலிருந்து இறைக்கிற தண்ணியும் எண்ணெயும் கலந்த கழிவுக்கு அங்கே தனித் தொட்டி உண்டு, அதை அள்ளத் தனி லாரி வரும். "தாராளமா கொண்டாங்க. எங்க தொட்டியில எதுவும் சுத்தம் கெடையாது," என்றார். வேலை முடிந்து தினமும் டின்களை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். கை, சட்டை, சாப்பாடு எல்லாம் எண்ணெய் வாடை. கடைசி டின்னைக் கவிழ்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நர்ஸ் வந்தார். ஷெல்ட்டரைப் பார்த்து, "வெரி குட் அங்கிள்," என்றார். பிறகு ஹாலுக்கு வந்து சாமி அலமாரி முன்னால் நின்றார். குரல் தணிந்தது.

"விளக்கும் ஏத்தக் கூடாது அங்கிள். ஊதுபத்தி, சாம்பிராணி எதுவுமே. மெஷின் ஓடற வரைக்கும் வீட்டுல நெருப்பு வேணாம்."

மெஷின் எதுவரைக்கும் ஓடும் என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். பிரசவத்துக்குப் போனபோதுகூட யாரையாவது விட்டு விளக்கேற்ற வைத்தவள். எப்படியும் சண்டை நிச்சயம். அப்படியானால் நான் வரவே இல்லை என்பாள், நர்ஸைக் கூப்பிடுங்கள் என்பாள். பேட்டரி விளக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று சமாதானம் சொல்ல வேண்டும்.

கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிங்க," என்றாள். "எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?"

நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. அவள் ஒரு வார்த்தை என்னோடு சண்டை போட்டிருக்கலாம்.