செவுத்துல ஜெனியோட கை

காலைல 10:40க்கு ஒரு போட்டோகிராபர் மேடம் மெசேஜ் பண்ணாங்க. "ஜெனி கை பிரிண்ட் ஆகி வந்திருச்சு. பாக்க வரீங்களா?"

போன வருஷம் என் மனைவி ஜெனி அவங்க ஸ்டூடியோ செவுத்துல கைய வச்சு எடுத்தா. கைய எடுத்ததுக்கப்புறம் செவுத்துல மிச்சமிருந்த சூட்ட தெர்மல் கேமராவுல பிடிச்சிருக்காங்க.

இப்ப ஜெனி இல்ல.

பொம்மசந்திரா ஃபேக்டரில என் வேலையே அந்த மாதிரி கேமராவுல மோட்டார் எங்க சூடாகுதுன்னு பாக்கறதுதான். ஸ்டூடியோ போய் பிரிண்ட பாத்ததும் அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன்: "மேடம், ஒரு விரல்ல கோடு மாதிரி ஒரு இடம் விட்டுப்போயிருக்கு. மறுபடி பிரிண்ட் போடணும்."

அவங்க மெதுவா சொன்னாங்க: "சார், அது மோதிரம். அதனால அந்த இடத்துல விரல் செவுத்துல படல."

சர்ச்ல நான் போட்டுவிட்ட மோதிரம்.

கை வச்ச சூடு கொஞ்ச நேரத்துல ஆறிடும். எனக்குத் தெரியாததா? ஆனா இங்க ஆறாம நிக்குது. பாத்துட்டே நின்னேன்.

"தொடலாமா மேடம்?"

"தொடுங்க சார். உங்க கை சூட்டயும் பிடிக்க கேமராவ ஆன் பண்ணட்டுமா?"

வேணாம்னேன். அவ கை மேல என் கைய வச்சேன்.

மோதிரத்த பிரிண்ட் மிஸ்டேக்னு சொன்ன இன்ஜினியர எவ்ளோ வேணா ஓட்டுங்க. ஜெனி இருந்தா முதல் கமெண்ட் அவளோடதுதான். உங்க கமெண்ட எல்லாம் அப்புறம் மெதுவா படிக்கறேன், இப்ப போன ஆஃப் பண்றேன்.